கேட் போட்டிருந்த எட்டு நிமிடம்

ரொட்டிக் கடையில் எந்த ரொட்டியை எடுப்பது என்று கூல்வென் ஒரு கணம் தயங்கினால் போதும். வரிசையில் பின்னால் நிற்கும் யாராவது ஒருவர், குரலைக்கூட உயர்த்தாமல், "ரயில் போயாச்சு கூல்வென். நீ போலாம்" என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். கூல்வெனும் சிரிப்பான். நாற்பது வருடமாகப் பழகிய சிரிப்பு அது. கன்னத்தில் அதற்கென்றே தனி மடிப்பு விழுந்துவிட்டது.

ப்ளூவெர்னெக் என்ற அந்த ஊரில் யார் வேண்டுமானாலும் எதிலிருந்து வேண்டுமானாலும் ஓய்வு பெறலாம், சைக்கிள் பந்தயத்தைத் தவிர. பள்ளி வாத்தியாருக்கு ஓய்வு உண்டு, பாதிரியாருக்குக்கூட உண்டு. பந்தயக்காரன் மட்டும் சாகும்வரை பந்தயக்காரன்தான். அவன் தோற்ற தேதிகள் அவனைவிட ஊருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

கூல்வென் தோற்ற தேதிகள் ஏராளம். பதினோரு வருடம் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டியவன் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. அதற்காக அவனை மட்டமான ஓட்டக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெயிக்காமல் இருப்பதுதான் அவன் வேலையே. அணியின் தலைவன் ஒருவன் ஜெயிப்பதற்காக மற்ற எட்டுப் பேர் தோற்க வேண்டும். அந்த எட்டுப் பேருக்கும் தொழிலில் 'வேலைக்காரன்' என்றே பெயர். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. தலைவனுக்குத் தாகம் எடுத்தால் கூல்வென் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வரும் அணிக் காருக்குப் போவான். சட்டைக்குள் முன்னும் பின்னுமாக எட்டுப் புட்டிகளைத் திணித்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி போல மேட்டில் மிதித்து ஏறி வருவான். தலைவனின் டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பான். எதிர்க்காற்று வீசினால் முன்னால் போவான். அவன் முதுகு அகலமானது. பிரான்சில் உள்ள முதுகுகளிலேயே காற்றுக்கு மறைவாக ஒதுங்க இதைவிட நல்ல முதுகு கிடையாது என்று அவன் தலைவன் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருக்கிறான். அந்த வரியை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது கூல்வென் அல்ல, அவன் மனைவி ஆர்மெல். மாட்டியிருக்கும் இடம் கழிப்பறைக் கதவின் உட்புறம்.

அவன் அம்மா ஃபிலோமேன் கேட் கீப்பர். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், பெரிய சாலையை ரயில் பாதை வெட்டும் இடத்தில், கேட்டை ஒட்டி ரயில்வே கட்டிக் கொடுத்த சின்ன வீடு. தண்டவாள வேலைக்காரரான அப்பா சீக்கிரமே போய்விட, வேலையும் வீடும் அம்மாவுக்கு வந்தன. இரண்டும் ஒன்றுதான். வேலை இருக்கும்வரை வீடு; வேலை போனால் வீட்டுச் சாவியை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். கூல்வென் அந்த வீட்டில்தான் பிறந்தான். மூன்று பத்துக்கு வரும் சரக்கு ரயில், பன்றித் தீவனம் ஏற்றிக்கொண்டு, ஒரு நாளும் மூன்று பத்துக்கு வராது என்பதை எழுத்துக் கற்கும் முன்பே கற்றான். அடுத்த ஸ்டேஷனிலிருந்து மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுப் போய் கேட் போடுவாள். அது மூன்றேகால், மூன்று இருபது, சில நாள் மூன்றரை. அந்தச் சாலையில் போகிற விவசாயிகள் எல்லோருக்கும் இது தெரியும்.

அம்மாவுக்கு இரண்டு மொழி. சட்டம் பேசப் பிரெஞ்சு. பிள்ளையைத் திட்டவும் கொஞ்சவும் அந்த வட்டாரத்து மொழியான பிரெட்டன். இரண்டையும் அவள் கலந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில், மழையே பெய்யாத ஒரு ஜூலையில், பிரான்சைச் சுற்றும் பெரிய பந்தயம் அந்தச் சாலை வழியாக வந்தது. கூல்வெனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பந்தயத்தில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. ஓட்டக்காரன் ஒருவனின் சொந்த ஊர் வழியில் வந்தால், அவன் மற்றவர்களிடம் அனுமதி கேட்பான். கூட்டம் அவனை இரண்டு நிமிடம் முன்னால் போக விடும். அவன் ஊரில் இறங்கி, பெண்டாட்டிக்கும் பெற்றவர்களுக்கும் முத்தம் கொடுத்து, மேயரிடம் கை குலுக்கி, ஒரு வாய் ஏதாவது குடித்துவிட்டு நிற்பான். கூட்டம் வந்ததும் வாலில் சேர்ந்துகொள்வான். அந்த இரண்டு நிமிடத்தை வைத்து ஜெயிக்கப் பார்ப்பது, தேவாலய உண்டியலில் கை விடுவதற்குச் சமம். யாரும் செய்ததில்லை. செய்தவனுக்கு அடுத்த வருடம் எந்த அணியிலும் வேலை கிடைக்காது.

அந்தக் காலத்தில் கூட்டத்தில் யார் எப்போது வேகம் எடுக்கலாம் என்பதை முடிவு செய்தவன் வான் ஹூல்ஸ்ட் என்ற பெல்ஜியக்காரன். மீசை இல்லாத குறைதான், மற்றபடி போலீஸ் அதிகாரி. கூல்வென் அவன் பக்கத்தில் போய் மிதித்தான்.

"அடுத்தது எங்க ஊரு."

"பொண்டாட்டி வந்திருக்காளா?"

"வந்திருக்கா. கேக் செஞ்சிருக்கா."

"போ. ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல மூளையை உபயோகிக்காத. உன் மூளை உன் முதுகு அளவுக்குப் பெருசு இல்ல."

கூல்வென் போனான். கேட் திறந்திருந்தது. அம்மா சீருடைத் தொப்பியோடு, சுருட்டிய சிவப்புக் கொடியைக் கையில் பிடித்து, சிலை மாதிரி நின்றாள். அவன் கையசைத்தான். அவள் அசைக்கவில்லை, வேலை நேரத்தில் கையசைப்பது அவள் விதிப் புத்தகத்தில் கிடையாது. பிள்ளையைப் பார்க்கக்கூட இல்லை. அவன் தோளுக்கு மேலாக, அவன் வந்த சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தில் சக்கரம் தடதடக்க அவன் கடந்து போனான்.

ப்ளூவெர்னெக்கில் தேவாலயத்துக்கு எதிரே ஃபாஞ்ச் நடத்தும் மதுக்கடை. அதன் வாசலில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கூல்வென் இறங்கினான். சைக்கிளைத் தேவாலயச் சுவரில் சாய்த்தான். ஆர்மெலுக்கு இரண்டு கன்னத்திலும் இரண்டிரண்டு முத்தம். மேயர் கையை நீட்டினார். யாரோ சைடர் என்ற ஆப்பிள் மதுவை ஒரு கோப்பையில் கொடுத்தார்கள். ஆர்மெல் உலர்ந்த பிளம்ஸ் போட்ட முட்டைக் கேக்கில் ஒரு பெரிய துண்டை வெட்டி அவன் கையில் வைத்தாள். எல்லாம் நிகழ்ச்சி நிரல்படி ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. கூல்வென் சைக்கிளின் பக்கத்தில் போய்க் கூட்டத்தை எதிர்பார்த்து நின்றான்.

கூட்டம் வரவில்லை.

கடை ஜன்னலில் இருந்த ரேடியோவில் பந்தய வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. ஃபாஞ்ச் அதன் காதைத் திருகினான். "...கேட் போட்டுவிட்டார்கள்! மொத்தக் கூட்டமும் ரயில்வே கேட்டில் நிற்கிறது! கெர்மறெக் ஒருவர் மட்டும் அந்தப் பக்கம்..."

கூல்வென் கெர்மறெக் தலை நிமிர்ந்து தேவாலயக் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஏழு.

"டேய், கெளம்புடா!" என்று கத்தியது ஃபாஞ்ச்தான். அவ்வளவுதான், ஊர் மொத்தமும் பிடித்துக்கொண்டது. முடிவுக் கோட்டுக்கு இன்னும் இருபத்து நான்கு கிலோமீட்டர். சமதளம். கேட் போட்டால் போட்டதுதான், பந்தயத்தில் அது டயர் வெடிப்பது மாதிரி அவரவர் தலையெழுத்து. கம்பிக்குக் கீழே குனிந்து போனால் பந்தயத்தை விட்டே நீக்கம். முன்னால் போய்விட்டவன் போகலாம். ஐந்து நிமிட முன்னிலையோடு கூல்வென்கூட ஜெயித்துவிடலாம். வாழ்க்கையில் ஒரு தடவை.

"என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? ஏறு!"

"வழக்கம்..." என்றான் கூல்வென்.

"வழக்கமாம்! வழக்கமா கேட்டைப் போட்டாங்க? அது விதிடா! கடவுளாப் பார்த்துக் குடுக்கிறாரு!"

கூல்வெனுக்குக் கடவுளைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அவன் மூன்று ஏழுக்கு அந்தக் கேட் மூடிப் பார்த்ததில்லை. மணி சீக்கிரம் அடித்திருக்கலாம். அடிக்காமலும் இருந்திருக்கலாம். அதற்கு மேல் யோசிக்க அவன் விரும்பவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இப்போது அவன் சைக்கிளில் ஏறினால், சாயங்காலத்துக்குள் பிரான்ஸ் முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். பிள்ளைக்கு அனுமதி வாங்கி முன்னால் வந்தான், ஆத்தாள் பின்னாலேயே கேட்டைச் சாத்தினாள். அப்புறம் ரயில்வேயிலிருந்து ஆள் வருவான். வேலை போகும். அடுப்பு, கட்டில், கோழிக்கூண்டு எல்லாம் சாலைக்கு வரும்.

ஆர்மெலும் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அம்மா" என்றான் அவன். அவ்வளவுதான்.

அவள் தலையாட்டினாள். கத்தியை எடுத்து இன்னொரு துண்டு வெட்டினாள். முதல் ஓட்டக்காரனுக்கு முன்னால் போக வேண்டிய மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர், முதல் ஓட்டக்காரன் நின்றுவிட்டதால் தானும் நிற்க வேண்டியதாகி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியிருந்தார். அந்தத் துண்டு அவருக்குப் போனது. நல்ல கேக் என்றார்.

எட்டு நிமிடம். மூன்று பதின்மூன்றுக்குத் தூரத்தில் ரயில் ஊதியது. ஊர் அப்போது கத்துவதை நிறுத்திவிட்டிருந்தது. அது அதைவிட மோசம். கூட்டம் வந்து சேர்ந்தபோது எல்லா முகமும் சிவந்திருந்தது. கெர்மறெக் இந்நேரம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பான் என்று நம்பி, அவனுக்கென்று வசவுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவனோ தேவாலயச் சுவரில் சாய்ந்து, கையில் பாதிக் கேக்கோடு நின்றான். வான் ஹூல்ஸ்ட் பிரேக் பிடித்தான். பின்னால் நூறு பேரும் பிடித்தார்கள்.

"நீ இன்னும் இங்கியா இருக்க?"

"ரெண்டு நிமிஷம்னு சொன்னே. நீதான் லேட்டு."

வான் ஹூல்ஸ்ட் அவன் கையிலிருந்த கேக்கைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். "அங்க கேட்டுல ஒரு அம்மா," என்றான் மென்றுகொண்டே. "சட்டம் சட்டம்னு பிரெஞ்சுல சொன்னா. கம்பிக்குக் கீழ குனியப் பார்த்தேன். உடனே எனக்குப் புரியாத ஏதோ பாஷையில திட்டினா பாரு! என்னை யாரும் அப்படித் திட்டினதில்ல."

"என்ன திட்டினாங்கன்னு புரியலன்னா விடு" என்றான் கூல்வென். அம்மா வேலை நேரத்தில் மொழி மாறிவிட்டாள் என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டான். அன்று அவன் எழுபத்து நான்காவதாக வந்தான்.

இதற்குப் பிறகு அவன் தொழில் வாழ்க்கை நிமிர்ந்ததற்குக் காரணம் அந்த எழுபத்து நான்காவது இடம்தான். மற்றவர்கள் ஜெயித்துப் பெயர் வாங்குவார்கள். அவன் நின்று வாங்கினான். 'காத்திருந்தவன்' என்று பத்திரிகைகள் எழுதின. முதுகு தேய ஆரம்பித்த வயதிலும் ஐந்து வருடம் அணிகள் அவனைக் கூப்பிட்டன. நாணயமான ஆள் ஒருவன் பக்கத்தில் ஓட்டினால் தங்களுக்கும் ஒட்டும் என்று தலைவர்கள் நினைத்தார்கள். கூல்வெனுக்கு இது கூச்சமாக இருந்தது. வழக்கத்துக்காக அவன் நிற்கவில்லை. அதை யாரிடம் சொல்வது? சொன்னால் ஏன் நின்றான் என்றும் சொல்ல வேண்டும்.

பாராட்டுதான் வினையானது. ஒரு பத்திரிகைக்காரன், பிள்ளை காத்திருந்தான், கேட்டில் நின்றது அவனைப் பெற்ற தாய் என்று கண்டுபிடித்து உருகி உருகி எழுதிவிட்டான். அதை ரயில்வேயில் யாரோ படித்தார்கள். அக்டோபரில் ஓர் அதிகாரி தோல்பையோடு கேட் வீட்டுக்கு வந்தார். பந்தயப் பருவம் முடிந்து கூல்வென் அன்று அங்கேதான் இருந்தான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அதிகாரியும் அம்மாவும் பேசுவதைக் கேட்டான்.

"மேடம், ஸ்டேஷன் பதிவேட்டுல மணி அடிச்சது மூணு ஒம்பதுன்னு இருக்கு. நீங்க கேட் போட்டது எப்போ?"

"மூணு அஞ்சுக்கு ஐயா."

"மணிக்கு முன்னாலயா?"

ஃபிலோமேன் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. "அட்டவணை நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னால. ரயில் நேரம் மூணு பத்து. படிச்சுப் பாருங்க."

"அது சரி. வழக்கமா அப்படித்தான் செய்வீங்களா?"

"வேற எப்படிச் செய்வாங்க ஐயா?" என்றாள், அழகான பிரெஞ்சில்.

அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார். உருளைக்கிழங்கு உரிக்கும் பிள்ளையைப் பார்த்தார். விதியை மீறியவர்களைப் பிடிக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. விதியைக் கடைப்பிடித்தவளை என்ன செய்வது என்று அவருடைய புத்தகத்தில் இல்லை. ஊருக்குள் போய் இன்னும் சிலரிடம் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வரவில்லை. நவம்பரில் ஒரு கடிதம் வந்தது: விதிமுறைப்படி நடந்துகொண்டதாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகு, அம்மா பிள்ளை பக்கம் திரும்பினாள். பிரெட்டனில் ஆரம்பித்தாள். கூல்வென் உடனே எழுந்து நின்றான்.

"இருபத்திரண்டு வருஷம்டா! இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை நேரத்துக்குக் கேட் போட்டேன். எதுக்குப் போட்டேன்? நீ ஒரு தடவையாவது முதல்ல போய்ச் சேரணும்னு போட்டேன்! எட்டு நிமிஷம்! அந்தப் பெல்ஜியத்து எருமை கம்பியை ஆட்டுறான், போலீஸ்காரன் கடிகாரத்தைக் காட்டுறான், நான் அசையல. நீ என்னடா பண்ணே? கேக் தின்னே!"

"உனக்காகத்தான்மா நின்னேன். வீடு போயிடும்னு..."

"வீட்டைப் பத்தி உங்கிட்ட நான் கேட்டனா? வீடு போனா உன் வீட்டுக்கு வந்திருப்பேன். ஆர்மெல் சோறு போட மாட்டாளா?"

விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே நாளில்தான் அவள் ஏமாற்றினாள். அந்த ஏமாற்று வெளியே தெரியாமல் காப்பாற்றுவதற்காக, அவள் எதற்கு ஏமாற்றினாளோ அதையே பிள்ளை விட்டுக்கொடுத்தான். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் இவ்வளவு பெரிய தியாகம் செய்துகொண்டு, இரண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாமல் போனது அபூர்வம். அடுத்த ஈஸ்டர்வரை அம்மா அவனோடு பிரெஞ்சில்தான் பேசினாள்.

பந்தயத்தை விட்டபின் கூல்வென் கூட்டுறவுச் சங்கத்துப் பால் வண்டி ஓட்டினான். விடிகாலைச் சாலையில் அவனுக்கு முன்னால் யாரும் போகாத அந்த வேலையைப் பிடித்துச் செய்தான். கேட் தானியங்கி ஆனது. ரயில்வே வீட்டை விற்றபோது அம்மாவே வாங்கிக்கொண்டாள். ஊர் மட்டும் மாறவில்லை. ரொட்டிக் கடை, தபால் அலுவலகம், அவன் மகள் கல்யாணத்தில் பாதிரியார் சம்மதமா என்று கேட்டு நிறுத்திய இடைவெளி என்று எங்கும் அந்த ரயில் போய்க்கொண்டே இருந்தது. கூல்வென் பதில் சொன்னதில்லை. கோழை என்றோ முட்டாள் என்றோ நினைக்கட்டும். அம்மா உயிரோடு இருக்கும்வரை அம்மாவின் ரகசியம் அவனிடம்தான் இருக்கிறது, அதைக் காப்பாற்றியது தான் மட்டும்தான் என்ற நினைப்பு அவனுக்கு ஒரு துணையாக இருந்தது. பரிசுக் கோப்பை இல்லாத வீட்டில் அதுதான் அவன் கோப்பை.

ஃபிலோமேன் தொண்ணூற்றாறு வயதில், ஒரு மார்ச் மாதம், தூக்கத்தில் போனாள். அடக்கம் முடிந்து எல்லோரும் வழக்கம்போல ஃபாஞ்ச் கடையில் காப்பிக்குக் கூடினார்கள். ரொட்டி, வெண்ணெய், பன்றி இறைச்சி, ஆர்மெலின் கேக். ஃபாஞ்சுக்கும் எழுபது தாண்டிவிட்டது. இரண்டாவது கோப்பை சைடருக்குப் பிறகு கூல்வென் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

கூல்வென் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். இனி யாரும் அவளிடம் வந்து விளக்கம் கேட்க முடியாது.

"ஃபாஞ்ச், அன்னைக்கு நான் ஏன் நின்னேன் தெரியுமா?"

"உங்கம்மா கேட்டைச் சீக்கிரம் போட்டாங்க. அதனால."

கூல்வென் கோப்பையை மேசையில் வைத்தான். "உனக்குத் தெரியுமா?"

"எங்க எல்லார்கிட்டயும் கடிகாரம் இருந்துச்சுடா. அந்த ரயில் என்னைக்கு மூணு பத்துக்கு வந்திருக்கு?"

"அப்புறம் ஏன்டா போ போன்னு கத்தினீங்க?"

"வேற என்ன பண்றது? கெழவி அவ்வளவு துணிஞ்சு ஒரு காரியம் பண்றாங்க, நீ சுவத்துல சாஞ்சு கேக் தின்னுட்டு நிக்கிற. வயிறு எரியாதா?" ஃபாஞ்ச் ரொட்டியில் வெண்ணெய் தடவினான். "பையை மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்தான் பாரு, ரயில்வேகாரன். நேரா இங்கதான் வந்தான். கேட்டு வழக்கமா எப்போ போடுவாங்கன்னு கேட்டான். கடையில இருபது பேர் இருந்தோம். எல்லாரும் ஒரே வாயா, ரயிலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னால ஐயா, அந்தம்மா விதியை வெச்சுத்தான் மூச்சே விடுவாங்க, அவங்களால எங்க பால் தினம் தினம் திரிஞ்சு போகுதுன்னு புகார் வேற குடுத்தோம். பாவம், மன்னிப்புக் கேட்டுட்டுப் போனான்."

அம்மாவைக் காப்பாற்றியது தான்தான் என்று நாற்பது வருடமாக வைத்திருந்த கோப்பையை, இருபது பேர் ஒரு நிமிடத்தில் எடுத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"அப்போ நான் போயிருந்தாலும்..."

"அதையேதான் சொல்லியிருப்போம்."

"போயிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

ஃபாஞ்ச் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீயா? அன்னைக்கு மேற்குக் காத்துடா. நேரா மூஞ்சியில. இருபத்து நாலு கிலோமீட்டர், தனியா, ஒதுங்கிக்க உன் முதுகு மாதிரி ஒரு முதுகு முன்னால இல்லாம. பாலத்துக்கிட்ட புடிச்சிருப்பானுங்க. நாங்க அப்பவே கணக்குப் போட்டுட்டோம்."

ஆர்மெல் திரும்பிப் பார்த்தாள். கூல்வென் சிரித்துக்கொண்டிருந்தான். ரொட்டிக் கடைச் சிரிப்பு அல்ல; கன்னத்து மடிப்பு அதற்குப் பழக்கம் இல்லாமல் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. அவன் தட்டை நீட்டினான். அவள் கேக்கில் ஒரு துண்டு வைத்தாள்.

காப்பி முடிந்து, கேட் வீட்டைப் பூட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். ஃபாஞ்சும் இன்னும் சிலரும் பின்னால் வண்டிகளில் வந்தார்கள். கேட்டை நெருங்கும்போது விளக்கு சிவப்பானது, மணி அடித்தது, கம்பி தானாக இறங்கியது. கூல்வென் காரை நிறுத்தினான். ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்று, ஜன்னலில் இரண்டே தலைகளோடு, சொன்ன நேரத்துக்கு வந்து போனது. கம்பி மேலே ஏறியது. கூல்வென் கிளம்பவில்லை. அம்மா கொடியோடு நிற்கும் இடத்தில் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

பின்னால் ஃபாஞ்ச் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டுவது தெரிந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் கூல்வென் கையை வெளியே நீட்டினான்.

"தெரியும், தெரியும்," என்றான். "ரயில் போயாச்சு."

கியரைப் போட்டுத் தண்டவாளத்தைக் கடந்தான்.